ஜிம்னிக்கு லிஃப்ட் கிட்: எடையிலிருந்து தொடங்குங்கள்

மாருதி சுசுகியின் சிறிய ஃபோர் வீல் டிரைவ் வண்டியான ஜிம்னியை வாங்கியவர்கள், லிஃப்ட் கிட் (ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் முதலியவற்றை மாற்றி வண்டியை உயர்த்தும் தொகுப்பு) பற்றி என்னிடம் கேட்கும் முதல் கேள்வி “எத்தனை இன்ச் ஏற்றலாம்?” என்பதுதான். தாண்டிக்குடியில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் சித்தப்பாவும் அதையே கேட்டார். “சித்தப்பா, வண்டியில் என்னென்ன ஏற்றுகிறீர்கள், ஒவ்வொன்றும் எத்தனை கிலோ என்று முதலில் எழுதிக் கொடுங்கள்” என்றேன். உயரத்தைக் கேட்டால் இவன் எடையைக் கேட்கிறானே என்று அவருக்குக் கோபம். ஆனால் சஸ்பென்ஷன் வேலையில் எடைதான் முதல் கணக்கு. உயரம் அந்தக் கணக்கின் முடிவில் தானாக வந்து நிற்கும். வரிசையை மாற்றி, உயரத்தைப் பார்த்துக் கிட் வாங்கியவர்களின் வண்டிகளில் ஏறியிருக்கிறேன். வெறும் வண்டியாகப் போனால் முதுகை உடைக்கும். மூட்டை ஏற்றினால் பின்புறம் உட்கார்ந்துவிடும்.

இந்தச் சிறிய வண்டியின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. 2023 ஜூன் மாதம் இங்கே விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னி, தனிச் சட்டத்தின் (சேஸியின்) மேல் பாடி உட்காரும் பழைய முறையில் கட்டப்பட்டது. முன்னும் பின்னும் இடவலச் சக்கரங்களை ஒரே தண்டாக இணைக்கும் ஆக்ஸில், நான்கு மூலையிலும் காயில் ஸ்பிரிங், தனி லீவரில் லோ ரேஞ்ச் (மெதுவாக, கூடுதல் இழுவிசையோடு ஓட்ட உதவும் கியர்). கிரவுண்ட் கிளியரன்ஸ் 210 மி.மீ. முன்னால் மேட்டில் ஏறும் கோணம் 36 பாகை. தோட்டப் பாதைக்கு இவை தாராளம். இடறுவது வயிற்றுப் பகுதி. வெளிநாடுகளில் ஓடும் மூன்று கதவு ஜிம்னியின் முன்பின் சக்கர இடைவெளி 2,250 மி.மீ.; நம்முடையது 2,590. வண்டி நீண்டதால் பின் இருக்கையில் கால் நீட்டி உட்கார முடிகிறது. அதற்கு ஈடாக, வயிறு தட்டாமல் மேட்டைத் தாண்டும் கோணம் 28 பாகையிலிருந்து 24 ஆகக் குறைந்துவிட்டது. சித்தப்பாவின் தோட்டத்தில் மழைநீர் பாதையை அரித்துவிடாமல் இருக்க அங்கங்கே குறுக்கே மண்மேடு போட்டிருக்கிறார்கள். வண்டியின் அடிப்பாகம் உரசுவது எப்போதும் அந்த மேடுகளில்தான்.

பாடியை 50 மி.மீ. உயர்த்தினால், இந்தச் சக்கர இடைவெளிக்கு அந்தக் கோணம் கணக்குப்படி சுமார் நான்கு பாகை கூடும். நீளத்தால் போனது ஏறக்குறைய முழுவதும் திரும்பி வந்துவிடுகிறது. ஐந்து கதவு ஜிம்னிக்கு லிஃப்ட் தேவை என்று வாதிட என்னிடம் உள்ள மிக வலுவான காரணம் இதுதான். தோற்றத்துக்காகச் செய்கிறேன் என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவருக்குக் கிட் தேர்ந்தெடுக்க என்னால் உதவ முடியாது.

பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடியும் சட்டமும் மேலே போகும். ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக்ஸிலில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரென்ஷியல் (இருபுறச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் கியர்ப் பெட்டி) ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது. பாறையில் மோதுவது பெரும்பாலும் அந்த உருண்டைதான். அதை உயர்த்த ஒரே வழி டயரின் விட்டத்தைக் கூட்டுவது. கம்பெனி தரும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் ஏறக்குறைய 704. விட்டத்தில் பாதிதானே அச்சுக்குக் கீழே இருக்கிறது, ஆகவே டிஃபரென்ஷியல் உயர்வது ஐந்து மி.மீ. சொச்சம். 235/75 ஆர்15 போட்டால் விட்டம் 734 மி.மீ., உயர்வு 20 மி.மீ. இந்தப் பெரிய டயர், சக்கரம் முழுவதும் திரும்பும்போதும் மேலே அமுங்கும்போதும் எதிலும் உரசாமல் இருக்கத்தான் லிஃப்டின் உதவி தேவைப்படுகிறது. லிஃப்டும் டயரும் ஒன்றையொன்று தாங்கும் இரண்டு வேலைகள். ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதன் பலனை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

பெரிய டயருக்கும் விலை உண்டு. 734 மி.மீ. டயரில் கியர் கணக்கு ஆறு சதவீதம் அளவுக்கு நீண்டுவிடும், அதாவது இழுவை குறையும். ஸ்பீடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும். ஜிம்னியில் இருப்பது 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின். வத்தலக்குண்டிலிருந்து மலையேறும்போது இரண்டாம் கியரில் அது படும் பாட்டைக் கேட்டவர்களுக்கு இந்த ஆறு சதவீதம் என்னவென்று புரியும். அதனால் சித்தப்பாவுக்கு 215/75 போதும் என்று சொல்லிவிட்டேன். பக்கச்சுவர் கனமான ஆல் டெரெய்ன் வகை, தோட்டத்துக்குள் நுழைந்ததும் காற்றைக் குறைத்துக்கொள்ள ஒரு நல்ல கேஜ், திரும்பக் காற்று நிரப்ப ஒரு சிறிய கம்ப்ரஸர். லிஃப்ட் எதுவும் செய்யாமல் இவற்றை மட்டும் செய்துவிட்டு ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள் என்பதே எல்லாருக்கும் நான் சொல்லும் முதல் யோசனை. சிலருக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படுவதில்லை.

சித்தப்பாவுக்குத் தேவைப்பட்டது. அந்த மண்மேடுகள் எங்கும் போகப்போவதில்லை. ஆகவே எடைக் கணக்குக்கு வருவோம்.

ஐந்து கதவு ஜிம்னியின் சொந்த எடை ஏறக்குறைய 1,200 கிலோ. ஆட்களும் சரக்கும் சேர்ந்து மொத்தம் 1,545 கிலோவைத் தாண்டக் கூடாது. நடுவே இருப்பது சுமார் 340 கிலோ. ஓட்டுபவர், உதவிக்கு ஒருவர் என்று 130 கிலோ கழிந்தால் மிச்சம் 210. ஐம்பது கிலோ மூட்டை என்றால் நான்கு. சித்தப்பாவின் பட்டியலில் இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிச் சுருள் இயந்திரம்), மேலே கேரியர் எல்லாம் இருந்தன. பம்பரும் வின்ச்சும் சேர்ந்தாலே 80 கிலோவுக்குக் குறையாது. அவற்றை மாட்டினால் நான்கு மூட்டை இரண்டாகிவிடும். “கனமான ஸ்பிரிங் போட்டால் இன்னும் கொஞ்சம் தாங்குமே?” என்று கேட்டார். தாங்கும், ஸ்பிரிங் மட்டும் தாங்கும். பிரேக், வீல் பேரிங், ஆக்ஸில், சட்டம் எல்லாம் பழையவைதானே. அந்த 1,545 என்ற எண்ணை எந்தக் கிட்டும் மாற்றாது. இதைச் சொல்லாமல் கிட் விற்பவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. மலையிலிருந்து இறங்கும் வண்டியில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அடுத்து, அந்த எடை நிரந்தரமானதா, வந்து போவதா? பம்பரும் கேரியரும் எப்போதும் வண்டியில் இருக்கும். மூட்டைகள் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரையான காப்பி அறுவடையில்தான் ஏறும், அப்போதும் ஒரு வழியில் மட்டும். கனமான ஸ்பிரிங் நிரந்தர எடைக்கு உரியது. ஒரு மி.மீ. அமுங்க இரண்டு கிலோ எடை கேட்கும் ஸ்பிரிங் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சின் மேல் 200 கிலோ ஏற்றினால் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 100 கிலோ சுமக்கும், 50 மி.மீ. அமுங்கும். 40 மி.மீ. லிஃப்ட் செய்திருந்தால் அது முழுவதும் போய், பழைய உயரத்துக்கும் கீழே பத்து மி.மீ. இறங்கியிருக்கும். முன்புறம் மட்டும் தூக்கிக்கொண்டு, ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். வண்டி காலியாக இருக்கும்போது மட்டும் நிற்கும் உயரத்தால் யாருக்கு என்ன பயன்?

இதற்குப் பயந்து மிகக் கனமான ஸ்பிரிங்கைப் போட்டால் வேறு தொல்லை. காலி வண்டியில் அது அமுங்கவே மறுக்கும். கல்லில் ஏறிய சக்கரம் அமுங்கிக் கொடுக்காமல் வண்டியையே தூக்கிவிடும். குறுக்கே இருக்கும் சக்கரம் காற்றில் தொங்கும். தொங்கும் சக்கரத்தால் வண்டியை இழுக்க முடியாது. ஜிம்னியில் சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து, பிடிமானம் உள்ள சக்கரத்துக்குச் சக்தியை அனுப்பும் மின்னணு ஏற்பாடு இருக்கிறது. அது நல்ல உதவிதான். ஆனால் நான்கு சக்கரமும் தரையில் படிந்திருப்பதற்கு அது ஈடாகாது.

நம் ஊரில் விற்கும் பெயர்பெற்ற கிட்களில் பல ஆஸ்திரேலியாவிலிருந்து வருகின்றன. ஓல்ட் மேன் ஈமு என்ற பெயரில் விற்கும் ஏஆர்பி 1975இல் மெல்போர்னில் தொடங்கியது. டாபின்சன்ஸ் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் ராக்ஹாம்ப்டன் நகரத்தைச் சேர்ந்தது. அருமையான சரக்கு. ஆனால் அவர்கள் அட்டவணையில் இருக்கும் ‘நடுத்தரம்’, ‘கனம்’ என்ற பிரிவுகள் அந்த ஊர்ப் பயணிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இரும்பு பம்பர், வின்ச், குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கூரைமேல் கூடாரம் எல்லாவற்றோடும் மண்பாதையில் நாள்கணக்கில் ஓட்டுபவர்கள் அவர்கள். திண்டுக்கல்லிலிருந்து சனிக்கிழமை மட்டும் மலைக்குப் போகும் வெறும் ஜிம்னிக்குக் ‘கனம்’ வாங்கிப் போடுவது வீண். பிரிவின் பெயரை விட்டுவிட்டு, அதற்கு எதிரே எத்தனை கிலோ என்று போட்டிருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். கிலோ கணக்கு சொல்லத் தெரியாத கடையில் ஸ்பிரிங் வாங்க வேண்டாம்.

இந்த விஷயத்தில் நான் மதிக்கும் ஆசிரியர்கள் சூரியநெல்லி ஜீப் ஓட்டுநர்கள். தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைக்கு கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான் ஜீப் போகும். விடியும் முன்னரே ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்தக் கல் பாதையில் ஏறுகிறார்கள். அங்கே நான் பார்த்தவை பெரும்பாலும் பழைய மஹிந்திரா ஜீப்புகள்: பட்டை ஸ்பிரிங், ஒல்லியான டயர். தோற்றத்துக்காக உயர்த்திய வண்டி என் கண்ணில் படவில்லை. ஒரு ஓட்டுநரிடம் பட்டையைப் பற்றிக் கேட்டேன். “ஆள் நிறைந்தால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும், அதற்கு எத்தனை பட்டை வேண்டுமோ அத்தனை” என்றார். சித்தப்பாவுக்குக் கணக்குப் போட்டபோது அந்த விதியைத்தான் எடுத்துக்கொண்டேன்: வழக்கமான சுமையோடு வண்டி மட்டமாக நிற்க வேண்டும்.

பம்பரையும் வின்ச்சையும் சித்தப்பா பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். தோட்டத்தில் டிராக்டர் இருக்கும்போது வின்ச் எதற்கு என்று அவருக்கே தோன்றிவிட்டது. முன்னால் கூடுதல் எடையில்லாத வண்டிக்கான ஸ்பிரிங், பின்னால் நடுத்தர எடைக்கானது, உயரம் 40 மி.மீ. அறுவடை மாதங்களுக்காகப் பின் ஸ்பிரிங்குகளுக்குள் நுழைக்கும் காற்றுப் பைகள். ஜிம்னியில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியாக இருப்பதால் ஸ்பிரிங்கின் உள்ளே அதற்கு இடம் இருக்கிறது. மூட்டை ஏறும்போது காற்றடைத்து, இறக்கியதும் குறைத்துவிடலாம்.

ஷாக் அப்சார்பரை மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றலாமா, அல்லது ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு வளையத்தை வைத்து உயர்த்திவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் பழைய ஷாக்கின் நீளம் பழைய உயரத்துக்காக அளந்து வைத்தது. 40 மி.மீ. உயர்த்தினால், சக்கரம் கீழே தொங்குவதற்கு இருந்த தூரத்தில் அந்த 40 மி.மீ. பறிபோகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஷாக் முழுவதும் நீண்டு, உள்ளே முட்டி, ‘தட்’டென்று சத்தம் கேட்கும். சத்தம் பெரிய விஷயமில்லை. தரையைத் தேடிக் கீழே போக வேண்டிய சக்கரம் பாதி வழியில் நின்றுவிடுவதுதான் விஷயம். உயரத்தைக் கூட்டிவிட்டு, பாறையில் அந்த வண்டியை முன்னைவிடப் பலவீனமாக்கும் வேலை அது. நீளமான ஷாக் போடும்போது பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பையும் அதற்கேற்ப நீட்ட வேண்டும். இல்லையென்றால் முழுவதும் அமுங்கும் நேரத்தில் ரப்பர் தாங்க வேண்டிய அடியை ஷாக்கின் தண்டு வாங்கிக்கொள்ளும். ஆகவே ஸ்பிரிங், ஷாக், பம்ப் ஸ்டாப் மூன்றும் ஒரே தயாரிப்பாளர் சேர்த்துக் கணக்கிட்ட தொகுப்பாக இருக்கட்டும்.

நம் வண்டிகள் ஓடும் தூரத்தில் பெரும்பகுதி தார்ச் சாலை என்பதையும் மறக்க வேண்டாம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைப் பாதையில் 40. ஜிம்னியின் அகலம் 1,645 மி.மீ., உயரம் 1,720. அகலத்தைவிட உயரம் கூடிய வண்டியை இன்னும் உயர்த்தினால் வளைவில் சாயும். ஷாக்கின் தரம் எனக்குத் தெரிய வருவது பாறையில் இல்லை. அடுத்தடுத்து இடமும் வலமும் திரும்பும் வளைவுகளில், முதல் சாய்விலிருந்து வண்டி நிமிர்ந்த பிறகு இரண்டாவது தொடங்குகிறதா என்பதில்தான். மூன்று இன்ச், நான்கு இன்ச் என்று போகிறவர்களை நான் தடுக்கப் பார்ப்பதும் இதனால்தான்.

அடுத்தது கோணங்களின் கணக்கு. முன் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் நீண்ட கைகள் பாடி உயரும்போது கீழ்நோக்கிச் சாய்கின்றன. ஆக்ஸிலும் அவற்றோடு சேர்ந்து சற்றே உருள்கிறது. அதனால் கேஸ்டர் கோணம் குறைகிறது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் தானாக நேராக வர அந்தச் சாய்வு உதவுகிறது, கேஸ்டரும் அப்படியே. ஓரிரு பாகை குறைந்தாலே ஸ்டியரிங் திரும்பி வரச் சோம்பல் படும், நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி அலைபாயும். துளை மையம் விலகிய புஷ்களை (கைகளின் இணைப்பில் இருக்கும் ரப்பர் உறைகளை)ப் போட்டு இதைச் சரிசெய்யலாம். 40 மி.மீ. கிட்டிலேயே அவை வருகின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். பேன்ஹார்ட் ராடு என்ற குறுக்குத் தண்டு, பாடி உயரும்போது ஆக்ஸிலைச் சில மி.மீ. பக்கவாட்டில் இழுக்கும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் தண்டு போட்டால் ஆக்ஸில் நடுவுக்கு வந்துவிடும். சின்ன லிஃப்டுக்கு இது கட்டாயம் என்று சொல்லமாட்டேன், 50 மி.மீ. தாண்டினால் கட்டாயம்.

மஹிந்திரா தார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. 2020இல் வந்த தாரின் முன்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்குபவை, பின்னால்தான் ஒரே தண்டாக ஆக்ஸில். முன் டிஃபரென்ஷியல் சட்டத்தோடு சேர்ந்திருப்பதால் லிஃப்ட் செய்தால் அதுவும் மேலே போகும், அது லாபம். ஆனால் அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுகள் சாய்ந்து, மூட்டுகள் எப்போதும் கோணலாகச் சுழலும். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே வருவது அங்கிருந்துதான் தொடங்கும். தாரில் உயரத்தின் எல்லையைத் தீர்மானிப்பது அந்த மூட்டுகள்.

சட்டத்தைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். கடையில் ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்பார்கள். விபத்துக்குப் பிறகு காப்பீட்டு ஆய்வாளர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கும்போது அந்தக் கடைக்காரர் பக்கத்தில் நிற்கமாட்டார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுதிக் கேட்டு, பதில் கையில் வந்த பிறகே சித்தப்பாவின் கிட் பெட்டியைப் பிரிக்க விட்டேன். அதுவரை அது காப்பிக் கிடங்கில் கிடந்தது. காட்டுப் பாதை வேறு விஷயம்: வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் உயர்ந்த வண்டியும் போகக் கூடாது, தாழ்ந்த வண்டியும் போகக் கூடாது.

பொருத்தும் நாளில் பட்டறையில் நீங்களும் இருங்கள். ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கைகளின் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி வரை இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் பட்டு, வண்டியின் எடை முழுவதும் இறங்கிய நிலையில்தான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். அவசரத்தில் பல பட்டறைகள் விட்டுவிடும் வேலை இது. பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் சக்கரம் முழுவதும் கீழே தொங்கும்போது விறைத்து நிற்கக் கூடாது. கையால் தொட்டுப் பாருங்கள். பிறகு வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம். ஆயிரம் கிலோமீட்டருக்குள் எல்லா போல்ட்டையும் மறுபடி சோதித்து இறுக்கச் சொல்லுங்கள்.

பொருத்துவதற்கு முன் ஒரு டேப் எடுத்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதி வையுங்கள். பொருத்திய மறுநாள் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை, அதே சமதளத்தில், அதே அளவு பெட்ரோலோடு. புது ஸ்பிரிங் ஆரம்பத்தில் சற்று இளகி இறங்குவது இயல்பு, நான்கிலும் ஏறத்தாழ ஒரே அளவு இறங்கியிருந்தால் கவலை வேண்டாம். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அளவு எழுதிய தாளையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சில கிட்களில் இடப்பக்க ஸ்பிரிங்கும் வலப்பக்க ஸ்பிரிங்கும் வேறு வேறு நீளத்தில் வரும். அவை மாறிப் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.